இரைச்சல் பாலத்தில் ஒரு மிடறு

கூடலூர்
3 பிப்ரவரி 2025

தங்கச்சி மைமூனுக்கு, அண்ணன் உதுமான் ராவுத்தர் வாயால் சொல்ல, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜான்சி கையால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்கும்போதே இதைப் படித்துவிடு. படித்த பிறகு எப்படி இருப்பாயோ தெரியாது.

போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முழுதும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதற்குத்தான் இது.

என் பேத்தி ரிஸ்வானாவுக்கும் உன் பேரன் இர்ஷாத்துக்கும் பேசிய கல்யாணம் நடக்கக் கூடாது. பேச்சு முடிந்த அன்று எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டவன் நான்தான். இப்போது வேண்டாம் என்பவனும் நான்தான். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மாவில் ஹஜ்ரத் பால்குடி உறவைப் பற்றிப் பேசினார். ஒருத்தி தன் பிள்ளையல்லாத ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு அவள் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும், முன்னால் பிறந்தவர்களும் பின்னால் பிறந்தவர்களும், கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. நம் ஊரில் நாம் என்ன நினைத்திருக்கிறோம்? ஒரே சமயத்தில் ஒரே மடியில் குடித்த இரண்டு குழந்தைகளுக்கு மட்டும்தான் விலக்கு என்று. நானும் அப்படியே நினைத்திருந்தேன். நம் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். எல்லாருமே தப்பாக நினைத்திருக்கிறோம்.

குமுளி மலை ரோட்டில் இரைச்சல் பாலத்தை மறந்துவிட்டாயா மைமூன்? நான் மறக்கவில்லை. ரிஸ்வானா பிறந்து நாற்பது கழியாத நேரம். அவள் அம்மா, என் மகள் ஜொஹரா, காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையைக் கொஞ்ச நாள் நீ வைத்துக்கொள்வதாகச் சொல்லி, உன் மருமகள் நசீமாவோடு வந்தாய். நசீமா கையில் அவள் கைக்குழந்தை ஷிஃபானா, உன் கையில் ரிஸ்வானா. ஐப்பசி அடைமழையில் நான்தான் என் ஜீப்பில் உங்களை மலை ஏற்றினேன். பாலத்துக்கு மேலே பாறை உருண்டு ரோட்டை மறித்துவிட்டது. எனக்கு முன்னால் தக்காளி லாரி, பின்னால் பஸ். ஜீப்பின் இடது பக்கப் படுதா கிழிந்து சாரல் அடித்தது. புட்டிப் பால் திரிந்துபோயிருந்தது. பிள்ளை அழுது அழுது சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்தது. நசீமா கேட்டாள்: "மாமா, நீங்க செத்த அங்கிட்டு இறங்கி நிக்கிறீகளா?" நான் இறங்கி மழையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. திரும்பி ஏறியபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால்.

நசீமா ரிஸ்வானாவுக்குத் தாய். நசீமா பெற்ற இர்ஷாத் அவளுக்கு அண்ணன். ஷிஃபானாவுக்கு முன்னால் பிறந்தவன், அவளோடு சேர்ந்து குடிக்காதவன் என்பதெல்லாம் செல்லாது. கல்யாணத்தை நிறுத்து.

ஜான்சி பேனாவை வைத்துவிட்டு, "பால் குடிச்சதுக்கா தாத்தா கல்யாணத்த நிறுத்துறீக?" என்கிறாள். ஆமாத்தா, அதுக்குத்தான்.

உன் அண்ணன்,
உதுமான்

---

குமுளி
8 பிப்ரவரி 2025

அண்ணன் அவர்களுக்கு மைமூன் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம். ஐந்தாவது வரை படித்த கை இன்னும் இருக்கிறது.

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் இருந்து சுரேஷ்கண்ணன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தபோது, கல்யாணத்துக்கு ஆட்டுக்குச் சொல்லிவிட்ட விவரம் என்று நினைத்துப் பேரனைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். பாதியில் அவனே நிறுத்திவிட்டு வெளியே போனான். நல்ல காரியம் செய்தீர்கள்.

நான் ஒன்று நினைவூட்டுகிறேன். உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. ஜொஹராவை என் மகனுக்குக் கேட்டு நான் வந்தேன். "மலைக்கு மேல பொண்ணு குடுக்கிறதில்ல" என்று வாசலிலேயே சொன்னீர்கள். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். பிறகு நசீமா என் வீட்டுக்கு வந்தாள், தங்கமாக இருந்தாள், கொரோனாவில் போய்ச் சேர்ந்தாள். அவள் பிள்ளைக்கு இப்போது அம்மா இல்லை. ஷிஃபானாவும் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், இந்த வீட்டில் நான் கண்ணை மூடினால் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்க ஆள் இல்லை. இத்தனை வருஷம் கழித்து நம் ரத்தத்தில் ஒரு பெண் வருகிறாள் என்று இருந்தேன். அதற்கும் உங்கள் வாசலில் ஒரு காரணம் பிறந்துவிட்டது.

காரணத்தையும் நான் விசாரிக்காமல் விடவில்லை. எங்கள் உஸ்தாதிடம் போனேன். எங்கள் ஷாஃபி மத்ஹபின் சட்டப்படி ஐந்து முறை, வயிறாரத் தனித்தனியாகக் குடித்திருந்தால்தான் பால் உறவு. ஒரு தடவை குடித்தால் உறவு இல்லை. உங்கள் கணக்கிலேயே இரைச்சல் பாலத்தில் ஒரு தடவைதான். ஆகவே தடை இல்லை என்று உஸ்தாத் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் பெயரை மேலே போட்டிருக்கிறேன், நீங்கள் கீழே விழாமல் இருங்கள்.

மைமூன்

---

கூடலூர்
17 பிப்ரவரி 2025

மைமூனுக்கு.

நல்லா எழுதுகிறாய். ஜான்சி படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் எச்சிலைத் தொட்டுத் தாளைத் திருப்பினாள். "ஒங்க தங்கச்சி வக்கீலா தாத்தா?" என்கிறாள். படித்திருந்தால் ஜட்ஜாகவே ஆகியிருப்பாள் என்றேன்.

ஜொஹரா விஷயத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. அன்று சொன்னது என் வாய். இன்று சொல்வது என் வாய் இல்லை. உனக்குக் கோபம் வேண்டுமானால் என் மேல் படு, மார்க்கத்தின் மேல் படாதே.

நம் அத்தா ஹனஃபி மத்ஹப். நீயும் நானும் அந்த வீட்டில் பிறந்தவர்கள். ரிஸ்வானாவும் ஹனஃபி. எங்களுக்கு ஒரு மிடறு வயிற்றில் இறங்கினால் போதும். அதெப்படி, லோயர் கேம்ப் தாண்டி கேரளச் செக்போஸ்ட்டில் கட்டையைத் தூக்கினதும் ஒன்று ஐந்தாகிவிடுமா? அரிசி மூட்டைக்கு அங்கே ஒரு விலை இங்கே ஒரு விலை இருக்கலாம். அண்ணன் தங்கச்சிக்குமா?

ஹஜ்ரத்திடம் இதைத்தான் கேட்டேன், "ஒரே மார்க்கத்துல எப்படி ரெண்டு சட்டம்?" என்று. அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் ஒரே குர்ஆனையும் ஹதீஸையும் வச்சுத்தான் ஆராஞ்சாக. ரெண்டும் சரியான வழிதான். நமக்கு வசதியா இருக்குன்னு அப்பப்ப மாத்திக்கிறதுதான் தப்பு" என்றார்.

எனக்கு அது நன்றாக விளங்கியது. நாற்பது வருஷம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றினவன் நான். மலைக்குக் குமுளி வழியாகவும் ஏறலாம், கம்பம்மெட்டு வழியாகவும் ஏறலாம். இரண்டும் ரோடுதான். ஆனால் குமுளி ரோட்டில் பாதி ஏறிவிட்டு, முன்னால் லாரி மறிக்கிறது என்று அங்கிருந்தபடியே கம்பம்மெட்டு ரோட்டுக்குத் தாவ முடியுமா? நடுவில் பள்ளம்தான் இருக்கிறது.

போன திங்கட்கிழமை இர்ஷாத் வந்தான். உனக்குச் சொன்னானோ என்னவோ. ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து வைத்துவிட்டு, எதிரில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனான். நல்ல பையன். அதனால்தான் எனக்கும் வலிக்கிறது. ரிஸ்வானா நான் உட்கார்ந்தால் சாப்பிட வருவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். போகட்டும். தடுத்ததற்கு அவள் என்னைத் திட்டலாம், தடுக்காமல் விட்டதற்குத் திட்டக் கூடாது.

நான் சாட்சி. என் வாயை யாராலும் அடைக்க முடியாது.

உதுமான்

---

குமுளி
23 பிப்ரவரி 2025

அண்ணன் அவர்களுக்கு.

நான் எந்த ரோட்டில் இருந்தும் தாவவில்லை. நிக்காஹ் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் ஷாஃபிதான். சுபுஹுத் தொழுகையில் குனூத் துவா ஓதுகிறேன். அதற்காக நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், "மலையாளத்துத் தொழுகை தொழுகிறா பாரு" என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். என் மகன் ஷாஃபி, பேரன் ஷாஃபி. இந்த ரோட்டில்தான் ஏறினேன், இதிலேயேதான் போகிறேன். உங்கள் ரோட்டு உவமை உங்களுக்கே திரும்புகிறது.

சாட்சி என்கிறீர்களே. உங்கள் ஹஜ்ரத்திடமே போய்க் கேளுங்கள், பால் உறவுக்கு எத்தனை சாட்சி வேண்டும் என்று. ஹனஃபி சட்டம் தெரிந்தவர்களிடம் நான் கேட்டுவிட்டேன். ஒரு ஆம்பிளை சொல்லி எந்தக் கல்யாணமும் நிற்காது. அவன் நாற்பது வருஷம் ஜீப் ஓட்டியிருந்தாலும் சரி.

ரிஸ்வானா நேற்று எனக்குப் போன் செய்து அழுதாள். "நன்னிமா, நன்னா சொல்றது நெசமா?" என்றாள். ரமலான் வருகிறது, துவாச் செய் என்றேன்.

உங்கள் சட்டத்தையே கொண்டுபோய் உங்கள் சாட்சியை நிறுத்திப் பாருங்கள். நிற்கிறதா பார்ப்போம்.

மைமூன்

---

கூடலூர்
6 மார்ச் 2025

மைமூனுக்கு. ரமலான் வந்துவிட்டது. நோன்பு வைத்த வாயால் சொல்கிறேன், அதனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன்.

நீ சொன்னபடி ஹஜ்ரத்திடம் போனேன். உன்னைத் தோற்கடிக்கத்தான் போனேன். அஸர் தொழுத பிறகு பள்ளிவாசல் ஓரத்தில் உட்காரவைத்து, அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"பாய், பால் குடுத்ததை நீங்க பார்த்தீகளா?"

"ஹஜ்ரத், என்ன கேக்குறீக? ஒரு பொம்பளப் பிள்ள பால் குடுக்கிறத மரியாத தெரிஞ்சவன் நின்னு பார்ப்பானா? நான் மழையில இறங்கி அங்கிட்டுத் திரும்பி நின்னேன்."

"நல்ல காரியம் செஞ்சீக. அல்லா அதுக்குக் கூலி தருவான். ஆனா அப்ப நீங்க சாட்சி இல்ல."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அழுகை நின்னுச்சு, கடைவாயில பால் இருந்துச்சு, இதுக்கு மேல என்ன?" என்றேன். "புட்டிப் பாலாகவும் இருக்கலாம்ல?" என்றார். திரிந்த பால் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைவாயில் இருந்தது எந்தப் பால் என்று பார்த்த மாத்திரத்தில் நான் எப்படிச் சொல்வேன்? அவர் விடவில்லை. "பார்த்திருந்தாலும் நீங்க ஒருத்தர் போதாது. ரெண்டு ஆம்பிளை, இல்ல ஒரு ஆம்பிளையும் ரெண்டு பொம்பளையும் சொல்லணும். சந்தேகம் இருக்கிற இடத்துல விலகிக்கிறது பேணுதல். அதை அந்தப் பிள்ளைகதான் முடிவு செய்யணும். நீங்க தெரிஞ்சதைச் சொல்லிட்டீக. ஒங்க கடமை முடிஞ்சுது. இனிமே தடுக்க ஒங்களுக்கு அதிகாரம் இல்ல."

நான் எழுந்து செருப்பை மாட்டாமலே பஜார் வரை வந்துவிட்டேன். பூக்கடை மாரீஸ்வரி, "ஏன் பாய், காலுல என்ன?" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு மாதமாக மார்க்கச் சட்டம், மார்க்கச் சட்டம் என்று உன்னையும் பிள்ளைகளையும் விரட்டினேன். அது எனக்குச் சாதகமாக இருக்கும்வரை சட்டம், என்னை உட்கார் என்றதும் வெறும் ஹஜ்ரத்தின் பேச்சா? எழுந்து நில் என்றபோது நின்றவன், உட்கார் என்றாலும் உட்கார வேண்டும். அப்படி இல்லையென்றால் இத்தனை நாள் நான் சொன்னது மார்க்கம் இல்லை, உதுமான் ராவுத்தரின் பிடிவாதம்.

ஆகவே உட்கார்ந்துவிட்டேன். ரிஸ்வானாவிடமும் அவள் அத்தாவிடமும் ஹஜ்ரத் சொன்னது முழுவதையும் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 27 அன்று வெள்ளை வேட்டி கட்டிப் பந்தலில் முன்வரிசையில் இருப்பேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். பிரியாணியும் சாப்பிடுவேன்.

ஒன்றே ஒன்று. உன் இரண்டு கடிதங்களையும் ஜான்சியை மறுபடி படிக்கச் சொன்னேன். ஐந்து என்று எழுதியிருக்கிறாய், சாட்சி என்று எழுதியிருக்கிறாய். நடக்கவில்லை என்று எங்கும் எழுதவில்லை. இதை உன்னிடம் கேள்வியாகக் கேட்கவில்லை. ஒருவர் மனத்துக்குள் வைத்திருப்பதைத் தோண்டக் கூடாது என்றும் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். அதற்கும் கட்டுப்படுகிறேன்.

உன் அண்ணன்,
உதுமான்

---

குமுளி
20 மார்ச் 2025

அண்ணே,

நீங்கள் சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. ஜான்சி இதை உங்களுக்குப் படிக்கும்போது பக்கத்தில் வேறு யாரும் வேண்டாம்.

பாலத்தில் நடந்தது நடந்ததுதான். நான் பார்த்தேன். என் கையில் இருந்த பிள்ளையை நான்தான் நசீமாவிடம் கொடுத்தேன். ஆனால் அந்த ஒன்றை நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. டின் பால் ரிஸ்வானாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்ததெல்லாம் கக்கினாள். ஜொஹரா ஆஸ்பத்திரியில் இருந்து வரும்வரை நசீமாதான் இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தாள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. "மாமி, ரெண்டும் என்னை உறிஞ்சிக் கட்டையாக்கிருச்சுக" என்று சிரிப்பாள். ஐந்து என்பது முதல் நாளிலேயே முடிந்துபோனது.

ஜொஹராவிடம் டின் பால் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். காமாலையில் கிடந்து பால் வற்றிப்போய் அழுதவளிடம் வேறென்ன சொல்வது? ஷிஃபானாவோடு சேர்ந்து குடித்ததற்கு அவள் ஒருத்திதான் உறவு, இர்ஷாத்துக்கு ஒன்றும் இல்லை என்றுதான் உங்கள் முதல் கடிதம் வரும்வரை நானும் நம்பினேன். சம்பந்தம் பேசியபோது என் மனத்தில் ஒரு உறுத்தலும் கிடையாது. இது சத்தியம்.

ஆனால் உஸ்தாதிடம் போனபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஐந்து என்றார். "எங்க அண்ணன் ஒரு தடவைன்னு சொல்றாக" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்தபிறகு இரவில் தராவீஹ் தொழுகையில் நிற்க முடியவில்லை. உஸ்தாத் ஓதுவது காதில் விழுகிறது, மனத்தில் ஏறவில்லை. மறுபடி அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "உம்மா, என் ஃபத்வா நீங்கள் சொன்னதற்கு. நீங்கள் சொல்லாததற்கு அது ஒரு நாளும் ஃபத்வா ஆகாது" என்றார். பிறகு அவரும் உங்கள் ஹஜ்ரத் போலச் சாட்சியைக் கேட்டார், வேறு யார் பார்த்தது என்று. நசீமா இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. மகன் அப்போது ஊரில் இல்லை. நான் ஒருத்திதான். அப்படியானால் காஜி முன்னால் இது நிற்காது என்றார்.

காஜிக்குத்தான் அண்ணே சாட்சி போதாது. எனக்கு நான் போதும்.

வீட்டுக்கு வந்து இர்ஷாத்திடம் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்து, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப ரிசு எனக்கு தங்கச்சியா உம்மும்மா?" என்றான். ஆமா என்றேன். "உம்மாவுக்கு இந்தச் சட்டம் தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பாகல்ல?" என்றான். அதற்கும் ஆமா என்றேன். கஞ்சியைக் குடிக்காமல் எழுந்துவிட்டான்.

பத்திரிகை அச்சடிப்பவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜொஹராவிடமும் ரிஸ்வானாவிடமும் நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

மைமூன்

---

கூடலூர்
2 ஏப்ரல் 2025

ஆத்தா மைமூன்,

பெருநாள் முடிந்தது. உன் வீட்டில் பெருநாள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஜான்சி உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். "தாத்தா, கடையச் சாத்திட்டு வர்றேன்" என்று ஷட்டரை இறக்கினாள். முழுதும் கேட்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரே சொல்லும். அந்த ஜீப்பில் எந்தப் படுதா கிழிந்தது என்பதுவரை தெரிந்த எனக்கு, மலைக்கு மேலே அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. தெரிந்த நீ சொன்னாய். உன்னை யாரும் கேட்கவில்லை, சாட்சி இல்லை, கட்டாயம் இல்லை. நான் சத்தம் போட்டுச் சொன்ன சட்டத்தை நீ சத்தமில்லாமல் செய்துவிட்டாய்.

ஜொஹராவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று பயந்தேன். "நான் அந்த டின் பால் கம்பெனிக்கு எத்தன தடவ துவாச் செஞ்சிருக்கேன் அத்தா" என்றாள். அழுதாள், அதோடு சிரிக்கவும் செய்தாள்.

ரிஸ்வானா இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். அவளுக்கு மனம் ஆற நாளாகும், நான் அவசரப்படுத்த மாட்டேன். நேற்று மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "நன்னா, அப்ப நசீமா மாமி எனக்கு அம்மாவா?"

"ஆமாத்தா. சட்டப்படி அம்மாதான்."

"அவுக மூஞ்சிய நெனச்சா இப்பச் சரியா வர மாட்டேங்குது நன்னா. அங்கன வீட்டுல படம் இருக்குமா?"

அதனால் கேட்கிறேன். நசீமா படம் ஒன்று அனுப்பு. சுரேஷ்கண்ணன் ஜீப்பில் கொடுத்துவிடாதே, இர்ஷாத்திடம் கொடுத்துவிடு. மனம் ஆறட்டும், ஆறினபிறகு வரட்டும். வாசலில் நின்று யாரையும் கூப்பிட வேண்டாம், நேரே உள்ளே வரச் சொல். அவன் வரும்போது ரிஸ்வானா முக்காட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. தங்கச்சி வீட்டுக்கு அண்ணன் வருவதற்கு எந்த மத்ஹபிலும் தடை இல்லை.

நீயும் வா. நீ அன்று குடிக்காமல் போன தண்ணீர் இன்னும் இங்கே இருக்கிறது.

உன் அண்ணன்,
உதுமான்